திண்ணையும் முன்னணையும்

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு பத்திரிகாசிரியர் என்னிடம் கிறிஸ்துமஸ் கதை ஒன்று கேட்டார். தீபாவளி மலருக்குத் தீபாவளிக் கதை, பொங்கல் மலருக்குப் பொங்கல் கதை என்று எழுதிப் பழகிய கை இது. "ஆகா, தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். கதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாசலிலே காகித நட்சத்திரம் தொங்கியது. மேஜை மேல் கேக் இருந்தது. சிவப்பு அங்கி அணிந்த தாத்தா மிட்டாய் கொடுத்தார். பிரிந்து போன அண்ணனும் தம்பியும் கடைசிப் பாராவில் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

டிசம்பர் முதல் வாரம் கதை வெளிவந்தது. இரண்டாம் நாள் மாலையில் எங்கள் செவிலிமேட்டுத் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், குடையை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்தவர், எண்பது வயதை எட்டுகிறவர். காபியைச் சாப்பிட்டு முடிக்கும் வரையில் கதையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

"தம்பி, கதை நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்த நாளுக்கு ஊரையே அழைத்திருக்கிறீர்கள். பிறந்த பிள்ளையை மாத்திரம் காணோமே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஐயா, நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்லவே. எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்?" என்றேன்.

"தெரிந்துகொள்ளலாமே" என்று சொல்லி, துணிப்பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று அட்டை கிழிந்த வேதாகமம். மற்றொன்று கீர்த்தனைப் புத்தகம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக வைத்திருந்தது.

அன்றிரவு அதைப் படித்தேன். முப்பது நாற்பது வரிகளுக்குள் அடங்கிவிடுகிற சங்கதி. சக்கரவர்த்தி குடிமதிப்பு எழுதக் கட்டளை இடுகிறார். தச்சன் ஒருவன், நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு பூர்வீக ஊருக்கு வருகிறான். தங்க இடம் கிடைக்கவில்லை. பிள்ளை பிறக்கிறது. துணியில் சுற்றி, மாடு தீனி தின்னும் இடத்தில் கிடத்துகிறார்கள். சேதி முதலில் போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கு அல்ல. ராத்திரி வயல்வெளியில் ஆட்டுக் கிடை காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. கேக்கும் இல்லை, தாத்தாவும் இல்லை.

தேவாலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று சத்திரம், மற்றொன்று முன்னணை. மாடு தீனி தின்னும் தொட்டிக்குத்தான் முன்னணை என்று பெயர். சத்திரம் என்றால் காஞ்சீபுரத்துக்காரனுக்கு விளக்கம் தேவையா? வைகாசிக் கருட சேவைக்கு முதல் நாள் ராத்திரி சத்திரம் சாவடியெல்லாம் நிரம்பி, திண்ணைகளும் நிரம்பி, ஜனங்கள் தெருவிலே படுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். பெத்லகேம் என்ற ஊர் அந்த ஒரு சொல்லினால் பாலாற்றங்கரைக்கு வந்துவிட்டது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டால், அது எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் தூக்கம் வராது. பார்க்கப் போனேன். அது 300 வருஷத்துக் கதையாக இருந்தது.

1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9-ஆம் தேதி, டேனிஷ்காரர்களின் வசத்திலிருந்த தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய வாலிபர் வந்து இறங்கினார். வயது ஏறக்குறைய 24. ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பிடித்து, அந்தப் பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' னா 'ஆ' வன்னா எழுதினார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துக்களை வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. நாலு வருஷம் கழித்து, 36 வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் பாப்ரீஷியஸ். சென்னை வேப்பேரியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருந்தவர். ஒரு வரியைப் பலமுறை வாசித்துக் கேட்டு, காதுக்குச் சரியாக வந்த பிறகே அடுத்த வரிக்குப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வெளியாயிற்று. பிற்பாடு பல சபைகள் கூடிச் செய்து 1871-ல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்புக்கு அவருடைய உழைப்பே அஸ்திவாரம். எங்கள் ஆசிரியர் எனக்குக் கொடுத்தது அந்த 1871-ஆம் வருஷத்து மொழிபெயர்ப்பைத்தான். கடவுளை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலேயே இவர்கள் எவ்வளவு தடுமாறியிருக்கிறார்கள்! சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பாப்ரீஷியஸ் பராபரன் என்றார். 1871-ல் தேவன் என்று முடிவு செய்தார்கள். கதாநாயகிக்குப் பெயர் வைக்கவே பத்து நாள் திண்டாடுகிறவன் நான். அவர்களுடைய கஷ்டம் எனக்குத் தெரிகிறது.

இந்தப் பாப்ரீஷியஸின் முதுமை மிகவும் துயரமானது. பண விவகாரத்தில் பிறரை நம்பிப் பொறுப்பேற்றுக்கொண்டு, கடன்காரராகி, வேதாகமத்தைத் தமிழாக்கிய கிழவர் சென்னையில் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார். நெசவாளி வீட்டில் பிறந்த எனக்குக் கடன் என்ற வார்த்தையைக் கேட்டால் காது தானாகவே தீட்டிக்கொள்ளும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அது தீராமல் வருஷக் கணக்காக ஒரே தறியில் கட்டுண்டு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாப்ரீஷியஸ் சென்னைக்கு வந்து பொறுப்பேற்றது 1742-ல். அதே வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில், ஹாண்டல் என்ற இசை மேதையின் 'மெசையா' முதன் முதலாக அரங்கேறியது. கிறிஸ்துமஸ் காலம் வந்தால் உலகமெங்கும் பாடப்படுகிற மகா சங்கீதம் அது. ஆனால் அரங்கேறியது ஈஸ்டருக்கு முந்தைய தவக் காலத்தில். வார்த்தைகள் அத்தனையும் வேதாகமத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. நான் மேலே சொன்ன ஆட்டுக் கிடைக் காட்சியும் அதில் உண்டு. கூட்டம் நெருக்கும் என்று, பெண்கள் வளையப் பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களாம். 700 பேர் வந்தார்கள். வசூலான பணத்தில் ஒரு பங்கு இரண்டு தரும வைத்தியசாலைகளுக்குப் போயிற்று. இன்னொரு பங்கைக் கொண்டு கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேரை மீட்டார்கள். ஒரு பாட்டுக் கச்சேரி 142 சிறைக் கதவுகளைத் திறந்தது! கிழவர் பாப்ரீஷியஸுக்கு அப்படி ஒரு கச்சேரி வாய்க்கவில்லை.

அவரும் பாட்டை விட்டுவிடவில்லை. ஜெர்மானியப் பாட்டுக்களை நூற்றுக் கணக்கில் தமிழாக்கிப் புத்தகமாக்கினார். ஞானப்பாட்டு என்று இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். பொருள் உயர்ந்தது, மெட்டோ ஜெர்மனியிலே பிறந்தது. தமிழ்ச் சொல் அந்த மெட்டுக்குள் காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் பட்டுத் தறியில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித் தனியாக நெய்து தைப்பதில்லை. இந்தப் பக்கம் நெசவாளி, அந்தப் பக்கம் ஒரு பையன்; இருவரும் நாடாவை மாற்றி மாற்றி எறிந்து, இழைக்கு இழை கோத்து வாங்குவார்கள். சிறு வயதில் என் தகப்பனாருக்கு அந்தப் பக்கத்துப் பையன் நான்தான். புடவை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பார் அவர். வேதத்தையும் தமிழ்ப் பாட்டையும் அப்படிக் கோர்வையாக நெய்ய ஒருவர் வரவேண்டியிருந்தது.

வந்தார். 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். ('பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதி எங்கள் நாவல் குலத்துக்கே மூத்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சுவார்ட்ஸ் என்ற பாதிரியார் இவரைச் சிறுவயதில் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வளர்த்தார். பின்னால் சரபோஜி மகாராஜாவான இளவரசருக்கும் அதே சுவார்ட்ஸ்தான் காப்பாளர். வீணையும் வாய்ப்பாட்டும் சதிரும் நிறைந்த தஞ்சாவூர்க் காற்று இந்தக் கிறிஸ்தவப் பையனையும் தொடாமல் விடவில்லை. பல்லவி, அநுபல்லவி, சரணம் என்று கீர்த்தனை கீர்த்தனையாகப் பாடினார். 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அந்தப் புத்தகத்துக்குப் பெரும் செல்வமாக இருந்தவை சாஸ்திரியாரின் பாட்டுக்களே.

ஆனால் நான் வியந்து நின்றது அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யின் முன்னால். 1800-ஆம் வருஷத்தில் செய்தது. குறவஞ்சியின் அமைப்பு நமக்குத் தெரியும். தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு மையல் கொள்கிறாள். மலைக்குறத்தி வந்து கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். குற்றாலத்திலே அந்தத் தலைவன் சிவபெருமான். தஞ்சாவூரிலே சரபோஜி மகாராஜாவே தலைவன். சாஸ்திரியாரின் குறவஞ்சியிலோ உலா வருகிறவர் பெத்லகேமிலே பிறந்தவர். தலைவி தேவமோகினி, சபைதான் அவள். குறத்தி, விசுவாசத்தின் வடிவம். நடுவிலே, சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடுகின்றன என்ற மேல்நாட்டு வான சாஸ்திரத்தையும் நுழைத்துவிட்டார் மனிதர்!

சற்று யோசித்துப் பாருங்கள். கிறிஸ்து பிறந்த சேதியைச் சொல்ல அவர் காவியப் புலவர்களின் பாதையில் போயிருக்கலாம். வீரமாமுனிவர் 1726-ல் 'தேம்பாவணி' பாடவில்லையா? 3,615 பாட்டுக்களில், யோசேப்பு என்ற தச்சரை வளன் என்ற பெயரில் காவிய நாயகனாக்கினாரே! சாஸ்திரியார் தேர்ந்தெடுத்தது, வீதியிலே கூடை சுமந்து வருகிற ஒரு குறத்தியின் வாயை. அரண்மனைக்கு வெளியே, ஊருக்கு வெளியே இருக்கிறவளுக்குத்தான் உண்மை முதலில் தெரிகிறது. பெத்லகேமிலும் சேதி முதலில் போனது ஊருக்கு வெளியே இருந்தவர்களிடம் அல்லவா? லூக்கா எழுதியதும் குறவஞ்சி என்ற தமிழ் வடிவமும் அந்த ஓர் இடத்தில் கோர்வையாகிவிட்டன.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். சரித்திரம் அப்படி விடுகிறதில்லை.

1820-களில் தஞ்சாவூர்ச் சபைக்குப் புதிய பாதிரிமார்கள் வந்தார்கள். பாப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பை மாற்ற வேண்டும் என்றார்கள். தமிழ்க் கீர்த்தனைகளும் பண்டிகைப் பூ அலங்காரமும் கோவிலுக்கு ஆகாது என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். அந்த வரையில் அவர் பக்கம் நிற்க எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் புதியவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். கோவிலுக்குள் வேளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கமும் பறையர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவர் ஒரு பக்கமுமாக உட்காரும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார்! மொழிபெயர்ப்பை மாற்றுவதையும் பாட்டைத் தடுப்பதையும் பூவை விலக்குவதையும் சாதிகளை ஒன்றாக உட்கார்த்துவதையும் ஒரே வரிசையில் வைத்து, அநியாயங்கள் என்று எழுதினார். 1833-ல் கல்கத்தா பிஷப் டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் பலர் கோவிலை விட்டே வெளியேறினார்கள்.

குறத்தியின் வாயில் வேதத்தை வைத்தவர், அந்தக் குறத்தி கோவிலுக்குள் வந்தால் எந்தப் பக்கம் உட்கார வைத்திருப்பார்? இந்தக் கேள்வி என்னை இரண்டு மூன்று நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. சாஸ்திரியாரின் மேல் கோபமாகக்கூட இருந்தது. 1864 வரை, ஏறக்குறைய 90 வயது வாழ்ந்த பெரியவர். அவர் பாட்டுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். பிறர் குற்றம் பார்ப்பது சுலபமான காரியம்.

டிசம்பர் 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்கு வரும்படி ஆசிரியர் அழைத்திருந்தார். மார்கழிப் பனி. ஒரு பக்கம் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருக்க, நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போனேன். உள்ளே பெண்மணிகள் எல்லாரும் எங்கள் ஊர்ப் பட்டில் வந்திருந்தார்கள். யார் கையில் நெய்த கோர்வையோ! இடம் நிரம்பிவிட்டது. வாசற்படியோரம் தயங்கி நின்றேன். கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒருவர், நான் யார், என்ன என்று ஒன்றும் கேட்காமல், தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்தன. முதலில் ஒரு ஞானப்பாட்டு. அது கால் மடக்கி உட்கார்ந்திருந்ததுகூட அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்து ஒரு கீர்த்தனை. பாட்டு ஓய்ந்ததும் ஒரு சிறு பெண் எழுந்து லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தாள். சத்திரத்திலே இடம் இல்லாமற் போன அந்த வரி வந்தது. வீட்டில் பத்துத் தடவை படித்த வரிதான். பாட்டைக் கேட்டு இளகியிருந்த மனத்தில் அது வேறு விதமாக வந்து விழுந்தது. ஒரு திண்ணை என் கண்ணெதிரே தோன்றியது.

எனக்குப் பத்து வயது இருக்கும். கருட சேவைக்கு முதல் நாள் ராத்திரி. பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து ஜனங்கள் எங்கள் தெரு வழியாகத்தான் காஞ்சீபுரத்துக்குள் போவார்கள். வாலிபன் ஒருவனும் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

"விடியற வரைக்கும் இங்கே சாஞ்சிக்கலாமா, ஆயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எந்த ஊரும்மா?"

"ஆத்துக்கு அந்தாண்ட."

"ஊர்லே எந்தப் பக்கம்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மெதுவாகச் சொன்னான்.

"இடம் இல்லியேம்மா. எங்க ஜனங்க வராங்க" என்றாள் ஆயா.

அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். ஆயா செம்பை அவளிடம் கொடுக்கவில்லை; உயரத் தூக்கி ஊற்றினாள். அவள் இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக் குடித்தாள். பிறகு இருவரும் இருட்டில் நடந்து போனார்கள். அன்றிரவு எங்கள் ஜனங்கள் யாரும் வரவில்லை. திண்ணை விடியும் வரை காலியாகத்தான் கிடந்தது. எனக்கு அது தெரியும். நான்தான் அதில் படுத்துத் தூங்கினேன்.

ஆயா கெட்டவள் அல்ல. இதைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றின் கதையை எனக்கு அவள்தான் சொன்னாள். காசி யாத்திரையில் தமக்கு ஆபத்து என்று அறிந்து பிரிந்த ராமாநுஜர், விந்திய மலைக் காட்டில் வழி தெரியாமல் நிற்க, ஒரு வேடனும் வேடுவிச்சியும் துணை வந்தார்கள். ராத்திரி வேடுவிச்சிக்குத் தாகம். விடிந்ததும் ராமாநுஜர் கிணற்றில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடியும் கொண்டுவந்தபோது அவர்களைக் காணோம். எதிரே காஞ்சீபுரத்துக் கோபுரம் தெரிந்தது. வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும்! இந்தக் கட்டம் வரும்போதெல்லாம் ஆயாவின் கண்கள் கலங்கும். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. சாஸ்திரியாரின் பாட்டு எப்படிப் பொய்யல்லவோ, அப்படி.

அதிகாலை ஆராதனையில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். கிறிஸ்துமஸ் என்பது பிள்ளை பிறந்த கதை மட்டும் அல்ல. இடம் கேட்ட கதை. கேட்கிறவர்கள் வேடனாகவோ தச்சனாகவோ அக்கரையிலிருந்து வந்த கூலிக்காரனாகவோ வருகிறார்கள். நாமோ கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். கதவைத் தட்டினால் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்கிறோம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, பிள்ளையைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் ஐயா. முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது" என்றேன்.

அவருக்கு விளங்கியிருக்காது. விளக்கிச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் திண்ணை இப்போது இல்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த இடத்தில் இரும்புக் கதவு போட்டுவிட்டோம். அந்தப் பெண்ணின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு இன்றைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அது எங்கே பிறந்தது என்று நான் இதுவரையில் யாரையும் விசாரித்ததில்லை.